நாலு மணிக்கே ராத்திரி

மூணாவது மாடி பியானோ டீச்சர் ஒர்தான்ஸுக்கு ஒரு கவிஞரோட தொடுப்பாம். வியாழக்கிழமை ஆனா, சாயங்காலம் நாலு மணிக்கே ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் கூத்தடிக்கிறாங்கன்னு எங்க பாரிஸ் சந்து பூரா பேச்சு. மீன்காரி எங்கிட்டயே சத்தியம் பண்ணிச் சொன்னா. போகட்டும், உள்ளது என்னன்னு நான் சொல்றேன்.

பேச்சைக் கிளப்பினவ வாசல்காரி உர்சுல். அந்த வீட்டுல அவ கயித்த இழுத்தாத்தான் தெருக்கதவு திறக்கும். கவிஞர் ஃபுல்ஜான்ஸ் மேல ஏறுறப்ப தலை வழுவழுன்னு சீவியிருக்கும், இறங்குறப்ப குருவிக்கூடு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ராத்திரியைப் பத்தின சங்கீதத்தை விளக்கணைச்சுட்டுத்தான் வாசிக்கணும்னு பெரிய வீடுகள்ல அப்போ ஒரு மோகம். ஜன்னலைச் சாத்தறதுக்கு ஒர்தான்ஸும் அதைத்தான் காரணமாச் சொன்னா. உர்சுல் விடுவாளா? "அங்க அம்பது பேர் இருட்டுல உக்காந்திருப்பாங்க. இங்க ரெண்டே பேரு. நல்லாருக்கே சங்கீதம்!"

ஒர்தான்ஸுக்கு நாப்பத்தாறு வயசு, கல்யாணம் ஆகல. ஊரான் வீட்டுப் பொண்ணுங்க விரலைத் தட்டித் தட்டியே காலத்தை ஓட்டினவ. பதினோரு பொண்ணுங்க படிச்சாங்க. பேச்சு பரவினதும் நாலு பேர் நின்னுட்டாங்க. மிச்சமும் போனா அவ அடுப்புல பூனைதான் தூங்கும்.

அடுத்த வியாழக்கிழமை, மிச்சமிருந்த பொண்ணுங்கள்ல ஒருத்தியோட அம்மா மதாம் பெலிசோ விறுவிறுன்னு வந்தா. "என் பொண்ணை அனுப்புறதா வேண்டாமான்னு இன்னிக்கு என் கண்ணால பாத்துடறேன்."

"வாங்கம்மா, எங்கிட்ட சாவி இருக்கு"ன்னு உர்சுல் முன்னால ஓடினா.

உள்ள பியானோ சத்தம், கும்மிருட்டு. உர்சுல் தடவிப் போய் ஜன்னலைப் படார்னு திறந்தா. நாற்காலியில கவிஞர், வாயைப் பொளந்து குறட்டை.

"களைப்பப் பாத்தீங்களாம்மா? எதனால வந்த களைப்போ!"

வாசிப்பு நின்னுச்சு. "யாரது?"ன்னா ஒர்தான்ஸ்.

"எதிர்ல மலையாட்டம் நிக்கிறோம், யாரதுவாம்! நடிப்பு!"ன்னா உர்சுல்.

மதாம் பெலிசோ பியானோ மேல விரலை நீட்டினா. "பாட்டு நோட்டு தலைகீழா நிக்குது! வாசிக்கிற லட்சணம் இதானா?"

கவிஞர் திடுக்குனு முழிச்சு, "ஆகா, அற்புதம்!"னு கை தட்டினார்.

ஒர்தான்ஸ் பியானோ மூடியைச் சாத்தினா.

"தொடுப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணு தெரியல. எல்லாம் மனப்பாடமா வாசிக்கிறேன். பொண்ணுங்க தங்க விரலைத்தான் பாக்கும், கண்டுக்கல. பெரியவங்களுக்குத் தெரிஞ்சா பொண்ணுங்களை நிறுத்திடுவீங்கன்னுதான் இவரு வர்றப்ப இருட்டாக்கினேன். இந்தாளு கவிதை ஒப்பிக்க வர்றாரு, நான் வாசிக்க ஆரம்பிச்சா தூங்கிடறாரு. அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. உங்க பொண்ணு இடது கையில நாலாவது விரலைத் தூக்கவே மாட்டேங்கிறா, அது மட்டும் நல்லாக் கேக்குது. நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. போறப்ப ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க, குளிருது."