பனியன் கம்பெனிப் பூந்தொட்டியும் பொடிக் கொசுவும்

செடி பார்த்துக்கொள்கிற பிழைப்பில் ஆடு மாட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். மனுசரைச் சமாளிக்க முடியாது. தொட்டி வைத்து அவதிப்படும் பங்காளிகளே, அறுபதுகளில் திருப்பூரில் நாலு பனியன் கம்பெனி ஆபீசுகளுக்குக் குரோட்டன்ஸ் தொட்டி வைத்து நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கெடு

பெரிய கம்பெனி முதலாளி ஆளனுப்பினார். போனால், மேஜை மேல் வெள்ளைப் பனியன். நெஞ்சுக்கு நடுவே கறுப்புப் புள்ளி. என் தொட்டி மண்ணில் பொரித்த பொடிக் கொசு, இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் போய் உயிரை விட்டிருக்கிறது. இவர் தொட்டியைத் தூக்கினால் மற்ற மூன்று பேரும் தூக்கிவிடுவார்கள். அவரோ கோபத்திலும் மரியாதை குறையாமல் சொன்னார்: “வெள்ளிக்கிழமை பம்பாய் பார்ட்டி சரக்கு எடுக்க வராருங்க. அதுக்குள்ள கொசு போகோணும், இல்லீன்னா நீங்க போகோணுமுங்க.”

பட்டறை வைத்தியம்

மண் காய்ந்தால் கொசு ஒழியும், தண்ணீரே ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே வெளுப்புப் பட்டறை மேஸ்திரி, எனக்கு ஒத்தாசையாம், ஒரு தொட்டியில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிவிட்டார். செடி மொட்டை. கொசு பக்கத்துத் தொட்டிக்குக் குடிபோய்விட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என்னைக் கண்டித்தார்: “முத்த விட்டுட்டீங்க. மொதல்லயே எங்கிட்டக் காட்டியிருக்கோணுமுங்க.”

தொட்டிக்குப் பனியன்

அடுத்து வந்தார் கட்டிங் மாஸ்டர். கழிவுத் துணியில் எல்லாத் தொட்டிக்கும் உறை தைத்து, தண்டு வெளியே வர ஓட்டையும் விட்டு, மண்ணை மூடிவிட்டார். கொசு அந்த ஓட்டை வழியாகவே சாவகாசமாக வந்து போனது. அவருக்கு அதெல்லாம் கவலையே இல்லை. “கழுத்து எறக்கம் சரியா இருக்குதுங்களா?”

குட்டு

வியாழக்கிழமை மண்ணைத் தோண்டினால் சொதசொத ஈரம், டீ வாடை! ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். வந்தவருக்கெல்லாம் டீ வருகிறது. நாலு கம்பெனியில் குடித்துவிட்டு வந்தவர், ஐந்தாவது டம்ளரை வேண்டாம் என்றால் முதலாளிக்கு அவமரியாதை. அதனால் முதலாளி முகம் திரும்பியதும் நாற்காலிப் பக்கத்துத் தொட்டிக்கு அபிஷேகம்! டீயை நிறுத்தச் சொன்னேன். முதலாளி எழுந்தே விட்டார்: “வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ குடுக்காதவன் கம்பெனி நடத்தோணுமாங்க?”

வெள்ளிக்கிழமை

வேறு வழியில்லாமல் ஈரத் தொட்டிகளை வெளியே வெயிலுக்கு எடுத்துவிட்டு, காய்ந்த மணல் பரப்பிய வேறு தொட்டிகளை முதலாளி நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக வைத்தேன். ஒரு கொசு இல்லை! நிம்மதியாக மூச்சுவிட்டேன். பம்பாய்க்காரர் வந்தார், டீயும் வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், முகம் வாடிவிட்டது. “போன தடவை இங்கே ஒரு செடி இருந்துச்சே, முதலாளி?”

முதலாளி ஒரு கணம் அவரையும் என்னையும் பார்த்தார்: “செடிக்காரரே, சீக்கிரம் அந்தத் தொட்டியைக் கொண்டாந்து அய்யா பக்கத்துல வையுங்க!”

அன்றைக்கு அந்தக் கம்பெனியில் நிரந்தரமானோம், நானும் கொசுவும்.