குக்கீயைத் திறந்துவிட்ட ஹஷ்மி

ஒருநாள் கல்லூரிப் பெண் ஒருத்தி தன் மின்னஞ்சலைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வஜ்தா நகரில் எங்கள் தெருமுனையில் சைபர் கடை வைத்திருந்த ஹஷ்மி, அதை மூடுவதற்காகக்கூட அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேலே போட்டிருந்த நீள அங்கியான ஜிலாபாவைக் கழற்றித் திரைமேல் போட்டார். அவள் பதறி ஓடிவந்தபோது, "ஈரத்துணி, காயப் போட்டேம்மா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு முன்பு வேறொருத்தியின் கடிதங்களை அங்கே யாரோ படித்து, அவள் நிச்சயதார்த்தமே முறிந்திருந்தது. அன்றிலிருந்து தன் மேசையருகே இருந்த கணினியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும், வந்தவர் யாரென்று நினைவில் வைத்துக்கொள்ளும் குக்கீயை அடைத்து வைத்தார். அந்த ஒன்றுக்கு எப்போதும் கூட்டம். ஆள் எழுந்ததும் அதில் பதிந்திருப்பதைத் தன் கையாலேயே அழிப்பார். அவர் கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும்.

நோன்பு மாதத்தில் ஒரு காலை. விசா நேர்காணலுக்கு நாள் பிடிக்கும் பக்கம் அன்றுதான் திறந்தது. நான் மூலைக் கணினியில் உட்கார்ந்தேன்.

"ஸீ ஹஷ்மி, பேரைப் போட்டா மறுபடி முதல்லேருந்து கேக்குது" என்றேன். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை 'ஸீ' என்போம், பெண்ணை 'லல்லா' என்போம்.

"குக்கீ அடைச்சிருக்கு லல்லா. ஹம்மாம்ல குளிக்கப் போறப்ப துணியைக் குடுத்துச் சீட்டு வாங்குறீங்கல்ல, அது மாதிரி. சீட்டு இல்லேன்னா நீங்க யாருன்னு அதுக்குத் தெரியாது."

டாக்ஸி ஓட்டும் பூஸியான் சிரித்தார். "இவரு மெஷினெல்லாம் நோன்பு. எதையும் உள்ள வாங்காது."

"நீ முதல்ல வாய்க்கு நோன்பு பிடி, பூஸியான்."

"ஸீ ஹஷ்மி, என் பொண்ணு லியோன்ல தனியா இருக்கா. தலைப்பிரசவம். இன்னிக்கு நாள் கிடைக்கலைன்னா குழந்தை பொறந்தப்புறம்தான் போவேன்" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் கணினியின் அமைப்புகளுக்குள் போய், குக்கீ என்று எழுதியிருந்த இடத்தில் 'அனுமதி' என்பதை அழுத்தினார். பக்கம் என்னை உள்ளே விட்டது. நாள் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

உடனே கடையில் இருந்த மற்றவர்களும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "அந்தம்மாவுக்கு மட்டுமா? எங்க பிள்ளைங்க மனுசங்க இல்லையா?"

அவர் எல்லாக் கணினியிலும் திறந்துவிட்டார். பிறகு மாலை மஃரிப் பாங்கு ஒலிக்கும் வரை ஒவ்வொரு நாற்காலியாக நடந்து, எழுந்தவர் விட்டுப்போனதை எல்லாம் அழித்தார். நோன்பு திறக்க நான் கொண்டுபோன ஹரீரா சூப்பைக் கையில் வாங்கியவர், குடிக்காமல் சுவரில் சாய்ந்தே நின்றார்.

நான் லியோனில் பேரனை மடியில் வைத்திருந்தபோது, ஹஷ்மி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அல்லாஹ் அவரை மன்னிப்பானாக.

நான் லியோனுக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் அவரிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தேன். குழந்தை பிறந்ததும் தொலைபேசியில் கூப்பிடுகிறேன் என்றேன்.

"கூப்பிடாதீங்க லல்லா, தூங்கிட்டிருப்பேன்" என்றார். "தொழுதப்புறம் துஆவுல என் பேரைச் சொல்லுங்க, அது போதும்."