மூன்று தட்டு, இரண்டு தட்டு

பட்டப்பகலில் பேயா என்று என் தங்கையே சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தக் காருக்குள் பதினெட்டு நிமிஷம் மாட்டிக்கொண்டது அவள் இல்லை, நான். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருந்தது. நேரமெல்லாம் அதில் பார்த்ததுதான். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

எனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி நாலு மாதம். வண்டி சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் உயிர் போய் வரும். பழைய சொகுசுக் கார் ஒன்று விலைக்கு இருக்கிறதென்று தம்பி ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனான். பட்டறைக்காரரை எல்லோரும் ‘ஸ்பானர்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அம்மா, இது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலா நாலு சக்கரத்துலயும் காத்துப் பை. பள்ளம் மேடே தெரியாது. ஏறும்போது உங்களுக்காகத் தாழும், ஏறினதும் தூக்கிக்கும். இது காரே இல்லம்மா, தலையணை.”

“தலையணை கிழிஞ்சா ஊசி நூல் போதும். இது கிழிஞ்சா?” என்றான் தம்பி.

“நான் எதுக்கு சார் இருக்கேன்?”

“அதான் பயமே. பை கிழிஞ்சா உனக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம்.”

ஸ்பானர் சிரித்துவிட்டார். “ஒளிக்க மாட்டேன் சார். காத்து கசிஞ்சா வண்டி வயித்தைத் தரையில வச்சுப் படுத்துடும். செலவும் இழுக்கும். ஆனா அம்மா இடுப்பு பிழைச்சுக்கும். வேணும்னா ஸ்பிரிங் வண்டி ஒண்ணு வெளிய நிக்குது. ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

“நீங்க போய்க் குலுங்கிட்டு வாங்க. நான் இதுலயே உக்காந்திருக்கேன்” என்றேன்.

பின் சீட்டில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஒட்டினாற்போல் சுவர். வலப்பக்கம் ஒரு சாண் உயரச் சிமென்ட் மேடை. கதவு அதற்கு மேலே நாலு விரல் இடைவெளியில் திறந்து மூடியது. ஸ்பானர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார். சாவி அவர் பையில். என் கைப்பை, போனோடு, தம்பி தோளில். மணி 2.10.

நல்ல சீட். கண் அசந்தது.

2.25. ஸ்ஸ்ஸ்ஸ்...

கண்ணைத் திறந்தேன். எதிரே கடிகாரம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். இன்னும் ஏறியது.

கடிகாரம் ஏறவில்லை. நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தள்ளினேன். டங். மேடையில் இடித்து நின்றது. விரல் நுழையும் சந்துதான் கிடைத்தது. கண்ணாடி இறங்கவில்லை. முன் சீட்டுக்குத் தாண்ட இந்த இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

“யாராவது இருக்கீங்களா?”

என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

2.38. என் பாதத்துக்கு நேர் கீழே...

டொக். டொக். டொக்.

யாரோ அடியில் இருக்கிறார்! வேலை செய்கிற ஆள்! வண்டி அவர் மேலேயே இறங்குகிறது!

“வெளிய வந்துடுப்பா! வண்டி இறங்குது!”

டொக். டொக். டொக்.

“என்னால ஒண்ணும் பண்ண முடியலப்பா... வந்துடு!”

தட்டு மட்டும். முன்னைவிட வேகமாக.

காது கேட்காத ஆளோ? கைத்தடியை எடுத்தேன். தரையில் ஓங்கி இரண்டு தட்டு.

ஸ்ஸ்ஸ்... நின்றது.

கார் அசைந்தது.

மேலே.

பம்ப் சத்தம் இல்லை. மோட்டார் சத்தம் இல்லை.

“ஹ்ம்ம்ம்...”

பாரம் தூக்குகிறவரின் மூச்சு.

2.43. கதவு திறந்தது. எப்படி இறங்கினேனோ தெரியாது. குனிய முடியாமல் கைத்தடியைக் காருக்கு அடியில் விட்டுத் துழாவினேன்.

யாரும் இல்லை.

2.50க்கு இருவரும் வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

“அக்கா, தூக்கத்துல கனவு கண்டிருப்பே” என்றான் தம்பி.

ஸ்பானர் சிரிக்கவில்லை. மேசை மேல் துணியில் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினார்.

“இந்த வண்டிப் பைக்குக் காத்தடிக்கிற பம்ப் இதும்மா. நேத்தே கழட்டிட்டேன். இறங்கினா வண்டி தானா ஏறாது.” பிறகு மெதுவாக, “எத்தனை தட்டு தட்டினீங்க?”

“ரெண்டு.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“போன வருஷம் எங்கண்ணன் இதுக்கு அடியில படுத்து வேலை செஞ்சான். வண்டி இறங்கினா மூணு தட்டுவான். உள்ள இருக்கற ஆள் ரெண்டு தட்டிட்டுத் தூக்குற பொத்தானை அமுக்கணும். ‘கேட்டுச்சு, தூக்கறேன்’னு அர்த்தம். எங்க வழக்கம்மா அது. உள்ள நான்தான் இருந்தேன். போன்ல பேசிக்கிட்டு. மூணு தட்டும் கேட்டுச்சு... இதோ பேசி முடிச்சுடலாம்னு... அதுக்குள்ள வண்டி அவன் மேல படுத்துடுச்சும்மா.”



நாங்கள் ஸ்பிரிங் வண்டியைத்தான் வாங்கினோம். ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் கணக்காக விழுகிறது. பரவாயில்லை.

மூன்று வாரம் கழித்து ஸ்பானர் போன் செய்தார்.

“அம்மா, அந்தக் கார் அன்னைக்கு ஏறினதுதான். இறங்கவே மாட்டேங்குது.”

“பையில காத்து நிக்குதோ என்னவோப்பா.”

“வால்வைத் திறந்து விட்டுட்டேம்மா. நாலு பையும் சப்பிப் போய்த் தொங்குது. காத்தே இல்ல. வண்டி மட்டும்... நிக்குது.”

“அடியில குனிஞ்சு பாத்தியா?”



“இல்லம்மா... மூச்சு வாங்குற சத்தம் கேக்குது.”