பள்ளிக்கூடம் திறந்த நாளில் பிறந்தவள்

அந்த ஆண்டு கல்வராயன் மலையிலிருந்து எனக்கு ஐந்து விண்ணப்பங்கள் வந்தன. ஐந்து பெண்களும் ஒரே ஜூன் முதல் தேதியில் பிறந்திருந்தார்கள். இரண்டாவதைப் பார்த்தபோது ஏதோ தற்செயல் என்று நினைத்தேன். மூன்றாவதைப் பிரித்ததும் சிரிப்பு வந்தது. ஐந்தாவதைப் பிரித்தபோது கோபம் தலைக்கேறி, "இன்னா, விளையாடுறாங்களா?" என்று ஆளில்லாத அறையில் கத்தினேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதை வைத்துத்தான் பாதி வேலையை முடித்தேன், பாதி வேலையைக் கெடுத்தேன்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடையின் மாடியில் இரண்டு அறைகள் எங்கள் அலுவலகம். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டுத் திருச்சபை அமைப்பு, எங்கள் பக்கத்துப் பெண்களை அழைத்துப் போய் மூன்று வருடம் நர்சிங் படிக்க வைத்து ஊருக்கே திருப்பி அனுப்பியது. நான் அதன் உள்ளூர்ச் செயலாளர். ரிஷிவந்தியம் பக்கம் மணிலாக்கொட்டையும் கரும்பும் பயிரிட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் நான். கடல் என்பதை மெரினாவில் பார்த்ததோடு சரி. ஆனால் யார் கடல் தாண்டலாம் என்று முதல் வடிகட்டல் செய்வது நான்தான். என் கையிலிருந்து போன காகிதங்கள் எல்லாம் யூரியா வாசனையோடுதான் போயிருக்கும்.

நான் வருவதற்கு முன்பு அந்த இடங்கள் எல்லாம் ஏற்கெனவே படித்த வீடுகளுக்கே போய்க்கொண்டிருந்தன. அப்பா போதகர், அம்மா டீச்சர், அண்ணன் மெட்ராஸில். ஆங்கிலத்தில் நாலு வார்த்தை தடுமாறாமல் பேசினால் போதும், பெட்டி கட்டிவிடலாம். எனக்கு வயிறு எரிந்தது. மலையில் ஒரு நர்ஸ் கிடையாது, மலையிலிருந்து ஒரு பெண்கூட இந்தப் பட்டியலில் கிடையாது என்று நாலு வருடம் கடிதம் மேல் கடிதமாக எழுதினேன். கடைசியில், ஒரே ஓர் இடம் மலைப் பெண்ணுக்கு என்று ஒதுக்கிப் பதில் வந்தது. அன்றைக்கு உரக்கடைக்காரருக்கும் சேர்த்து ஜாங்கிரி வாங்கினேன்.

அந்த முதல் இடத்துக்கு வந்தவைதான் அந்த ஐந்து விண்ணப்பங்கள்.

ஐந்தில் ஒருத்தியைப் பற்றி எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூர். கள்ளக்குறிச்சி ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ முடித்தவள். ஒல்லியாக, உயரமாக இருந்தாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். எதற்கு நர்சிங் என்றேன். எல்லாப் பெண்களும் சொல்லும் 'சேவை' என்ற பதிலுக்கு நான் தயாராக இருந்தேன்.

"எங்க அண்ணிக்குப் புள்ள குறுக்கால நின்னுடுச்சிக்கா. கம்பளியில கட்டி, கழியில மாட்டித் தூக்கிக்கினு எறங்குனோம். கடைசி வளைவுல அண்ணி செத்துடுச்சி. கீழ ஆஸ்பத்திரி வெளிச்சம் தெரியுது, அது கண்ணு மூடிச்சி. மேலயே ஒருத்தி இருந்திருந்தா செத்திருக்காதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அந்த ஒருத்தி நானா இருக்கணும்."

நான் தலையைக் குனிந்து எதையோ எழுதுவதுபோல் எழுதினேன்.

ஆனால் வயது இடித்தது. நர்சிங் மாணவி வார்டில் நிற்க வேண்டும், அதற்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. சான்றிதழ்ப்படி இவளுக்குப் பதினேழு. சமவெளிப் பெண்கள் காலேஜில் ஒரு வருடம் படித்துவிட்டு வருவார்கள், அதனால் இந்தச் சிக்கலே வந்ததில்லை. மலைப் பெண்ணுக்கு அந்த ஒரு வருடத்தை எங்கே உட்கார்ந்து கழிப்பது என்று விதி எழுதியவர்களும் யோசிக்கவில்லை, அவர்களோடு நாலு வருடம் மல்லுக்கட்டிய நானும் யோசிக்கவில்லை. அவளைப் பார்த்தாலோ இருபதுக்குக் குறையாது.

ஜீப் பிடித்து மலைக்கு ஏறினேன். அவளைப் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர் இன்னமும் அங்கேதான் இருந்தார். நான் போட்ட சத்தத்தில் வகுப்பிலிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் நிதானமாகச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக ஜூன் முதல் தேதி.

"பொறந்த தேதி எந்தத் தாய் தகப்பனுக்கும் தெரியாதும்மா. தலைக்கு மேல கையப் போட்டுக் காதத் தொடச் சொல்லுவேன். தொட்டா அஞ்சு வயசு. பள்ளிக்கூடம் தொறக்குற நாளையே பொறந்த நாளா எழுதிக்குவேன்."

"எட்டு வயசுப் பிள்ளையும் தொடுமே, சார்!"

"தொடும். இந்தப் பொண்ணு எட்டு வயசுலதான் வந்துச்சி, அதுவரைக்கும் ஆடு மேய்ச்சிக்கினு இருந்தது. அஞ்சுன்னு போட்டா கவர்மென்ட் வேலைக்குப் போறப்ப மூணு வருஷம் சர்வீஸ் ஜாஸ்தி கெடைக்கும். புள்ளைக்கு நல்லதுதானேம்மா செஞ்சேன்?"

என்ன சொல்வது அந்த மனிதரிடம்? எங்கள் ஊரிலும் என் தம்பிக்கு இப்படித்தான் ஒரு வருடம் குறைத்துப் போட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அதில் சந்தோஷம். நல்லது நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால்தான் தேதியைத் திருத்த முடியும் என்றேன்; தலைமையாசிரியர் தானே வந்து சாட்சி சொல்வதாகச் சொன்னார். தப்பை ஒப்புக்கொள்வது வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தே சொன்னார். நான் போட்ட சத்தத்துக்கு அப்போது வெட்கப்பட்டேன்.

கள்ளக்குறிச்சியில் வக்கீல் ஒருவர் அவசர மனு போட்டு ஒரு வியாழக்கிழமையை வாங்கித் தந்தார். அன்று தகப்பனும் தலைமையாசிரியரும் சாட்சி சொன்னால் தேதி திருத்தித் தீர்ப்பு வரும். அடுத்த பத்து நாளில் காகிதங்கள் கடல் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். கணக்காக இருந்தது.

அது இடஒதுக்கீட்டுக்காகச் சனங்கள் ரோட்டில் இறங்கிய காலம். அந்த வாரம் செவ்வாய் ராத்திரியே எங்கள் பக்கத்துச் சாலைகளில் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. எங்கு பார்த்தாலும் போலீஸ் வேன். மலையிலிருந்து யாரும் வர முடியாது என்று நான் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. அவளும் அவள் அப்பாவும் தலைமையாசிரியரும். முந்தின நாள் விடியலில் மலையில் நடக்க ஆரம்பித்து, அடிவாரத்தில் ஒரு வீட்டில் படுத்துவிட்டு, விழுந்து கிடந்த மரங்களை ஏறித் தாண்டியே வந்திருந்தார்கள். தலைமையாசிரியரின் செருப்பு அறுந்து கையில் இருந்தது. அந்த அப்பா வேட்டியில் புளிய இலையைத் தட்டிக்கொண்டே, "நேரமாயிடுச்சாம்மா?" என்றார்.

நேரம் ஆகவில்லை. ஆனால் கோர்ட்டு நடக்கவில்லை. நீதிபதி வெளியூரிலிருந்து வர வேண்டியவர். அவராலும் மரத்தைத் தாண்ட முடியவில்லை. வாசலில் நின்ற வக்கீல், வழக்கு ஒரு மாதம் தள்ளிப் போய்விட்டது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்.

நாங்கள் நாலு பேரும் ரோட்டோரம் நின்றோம். கூட்டம் ஒன்று கோஷம் போட்டுக்கொண்டு போனது. அந்த அப்பா என்னிடம் கேட்டார்.

"இவங்க இன்னாம்மா கேக்குறாங்க?"

"படிப்புல, வேலையில எங்க புள்ளைங்களுக்கும் இடம் குடுங்கன்னு கேக்குறாங்க."

"நம்ம புள்ளைக்கு நீங்க வாங்கிக் குடுத்த மாதிரியா?"

"ஆமாங்க."

அவர் கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பார்த்தார். "அப்ப கேக்கட்டும்மா," என்றார்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் விண்ணப்பங்களையும் நான் டைப் அடித்திருக்கிறேன், அவர்கள் நெஞ்சிலிருந்த எரிச்சல் எனக்குத் தெரியாததல்ல. யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஆள் கிடைக்காதது அன்றைக்குத்தான் முதல்முறை.

மாடிக்கு வந்து டீ குடித்தோம். அவள் டீயைத் தொடவில்லை. திடீரென்று கேட்டாள்.

"அக்கா, நடந்தத அப்படியே நீங்க ஒரு லெட்டரா எழுதிப் போட்டா? சார் எழுதுன தேதி தப்பு, எனக்கு இருபது வயசுன்னு. நீங்க சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"மாட்டாங்க," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. "வெள்ளைக்காரங்ககிட்ட காகிதம்தான் பேசும். ஒரு வருஷம்தானே? அடுத்த ஜூன்ல உனக்குக் காகிதத்துலயே பதினெட்டு. இடம் எங்கயும் போகாது, நான் இருக்கேன்ல?"

அவள் சரி என்று தலையாட்டினாள். மூன்று பேரும் வந்த வழியே நடந்து போனார்கள்.

அவளிடம் சொன்னது பாதி உண்மை. மீதி இதுதான். எங்கள் மாவட்டப் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி ஓர் ஆசிரியர் குத்துமதிப்பாக எழுதியது என்று என் கையாலேயே எழுதிவிட்டால், நான் அதுவரை அனுப்பிய அத்தனை பெண்களின் காகிதங்களையும் அவர்கள் சந்தேகப்படுவார்கள் என்று பயந்தேன். நாலு வருடம் சண்டை போட்டு வாங்கிய இடத்தையே பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்தேன். என் கோப்பில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது என்று அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரையும் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன். ஊரெல்லாம் கேட்கக் கத்துகிற நான், ஒரு பக்கக் கடிதம் எழுதப் பயந்தேன். 'வயது போதவில்லை' என்று டைப் அடித்துக் கோப்பை மூடினேன். மற்ற நாலு பேருக்கும் அதே தேதி, அதே வரி.

அடுத்த மாதம் கோர்ட்டு தீர்ப்புக் கொடுத்தது. அவளுக்கு இருபது வயது என்று ஏற்றுக்கொண்டார்கள். நாள் எது என்று யாராலும் சொல்ல முடியாததால் அதிலும் ஜூன் முதல் தேதியே நின்றது; வருடம் மட்டும் மூன்று பின்னால் போனது.

அதற்கு அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். மலைக்கென்று ஒதுக்கிய இடத்துக்குத் தகுதியான ஒரு பெண்கூட வரவில்லை என்று தெரிகிறது, ஆகவே அடுத்த ஆண்டிலிருந்து அதைப் பொது இடங்களோடு சேர்த்துவிடுகிறோம், உங்கள் முயற்சிக்கு நன்றி. அதன் பிறகு எழுதினேன், கெஞ்சினேன், கத்தினேன். ஒதுக்கிய இடம் காலியாக நின்றதற்கு என் கையெழுத்தே அவர்களிடம் சாட்சியாக இருந்தது. பொதுப் பட்டியலில் அவள் பெயரையும் அனுப்பிப் பார்த்தேன். ஆங்கிலம் போதாது என்று பதில் வந்தது. அடுத்து வந்த வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

வேலை தொடர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வெளிநாட்டில் அந்தத் திட்டத்தின் பொறுப்பிலிருந்த அம்மாள் ஓய்வு பெறுமுன் ஒருமுறை கள்ளக்குறிச்சிக்கு வந்தார். எளிய மனுஷி, உரக்கடை மாடியில் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்தார். பேச்சு பழைய நாட்களுக்குப் போனது. ஏனோ அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், காதைத் தொடும் கணக்கு முதல் புளியமரம் வரை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அந்த வருடங்களில் போர் நடந்த நாடுகளிலிருந்து எந்தக் காகிதமும் இல்லாத பெண்களைக்கூட நாங்கள் சேர்த்துக்கொண்டோமே என்றார். உள்ளூர்ச் செயலாளர் நேரில் விசாரித்து ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எங்களுக்கு அது போதுமாயிருந்தது, உங்கள் கையெழுத்தை நாங்கள் மிகவும் மதித்தோம், நீங்கள் ஏன் எழுதவில்லை என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த வாரமே வெள்ளிமலை பஸ் ஏறினேன். அங்கிருந்து நடந்தேன். வீட்டெதிரில் அவள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் கொடுத்தாள். பால்வாடியில் ஆயா வேலை பார்ப்பதாகச் சொன்னாள். மலையில் இன்னும் நர்ஸ் வரவில்லை. பிரசவம் என்றால் ஆட்கள் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். கூடவே போவாளாம், கையைப் பிடித்துக்கொள்வாளாம்.

"எனக்கு இன்னாக்கா தெரியும், புடிச்சிக்கினு உக்காந்திருப்பேன். போன மழையில ரெண்டு பேரு போயிட்டாங்க."

அந்த அம்மாள் சொன்னதை நான் சொன்னேன். ஒரு கடிதம் போதுமாயிருந்தது என்று சொன்னேன். பயத்தில்தான் எழுதவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைத் திட்டிவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

அவள் முறத்தை மறுபடி கையில் எடுத்தாள். இரண்டு முறை புடைத்தாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்.

"நான் அன்னிக்கே கேட்டேனேக்கா?"

ஆமாம் என்றேன். பஸ் திரும்புகிற நேரமாகிவிட்டது என்று அவளே என்னை எழுப்பி, பாதை முனை வரைக்கும் கூட வந்து வழி அனுப்பிவிட்டுப் போனாள்.