சீரோடு போன அத்தையைத் தேடிய எங்கள் அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், மூத்த மகள் என்ற முறையில் என் வணக்கம். எழுதியதை வாங்கிப் படித்த சித்தப்பா பாதியிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "தெவசத்துக்கு வர்றவங்க கையில குடுக்குற புஸ்தகம்மா. நல்லதா நாலு வார்த்தை எழுதக் கூடாதா? அடிமை கிடிமைன்னு எதுக்கு?" என்றார். சித்தப்பா மன்னிக்க வேண்டும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அப்பாவின் வாழ்க்கையில் பாதியை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அப்பா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வாய்க்கால் பிரிகிற தலைமதகை ஒட்டிய சேரித் தெருவில். தாத்தாவும் அவருடைய அப்பாவும், அவருக்கு முன்னால் எத்தனை தலைமுறையோ, எல்லோரும் ஒரே பண்ணைக்கு அடிமைகள். நிலம் கைமாறினால் ஆட்களும் கைமாறுவார்கள். பண்ணை வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பித்தளைக் குடத்தோடும் கறவை மாட்டோடும் வேலைக்கு ஒரு பெண்பிள்ளையும் சீரில் போகும். அப்படித்தான் தாத்தாவின் தங்கை, அதாவது அப்பாவின் அத்தை, எட்டு வயதில் போனார். சீர் வண்டிக்குப் பின்னால் தாத்தா தலைமதகு வரைக்கும் அழுதுகொண்டே ஓடினாராம். அதற்கு மேல் போக உத்தரவில்லை. சில வருடங்களில் அத்தை போன வீட்டார் நிலத்தை விற்றுவிட்டார்கள். ஆட்கள் எந்தப் பண்ணைக்குப் போனார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

தாத்தா இறந்தபோது அப்பாவுக்கு ஐந்து வயது. அத்தையைத் தேடுகிற வேலை மட்டும் அவருக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றது. நாற்றுப் பறித்தார், செங்கல் சுமந்தார், கல்யாணச் சமையலில் எடுபிடியாகச் சேர்ந்து சமையல் கற்றார். பிறகு ஷார்ஜா. முவைலாவில் ஒரு கட்டடக் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் பதினான்கு வருடம் சமையல் டூட்டி. அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் படித்தோம். அப்பா கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. குழம்பில் உப்பு கூடிவிட்டால் மட்டும் தன்மேல் கோபப்படுவார்.

மெஸ்ஸுக்குப் புது ஆள் யார் வந்தாலும், கரண்டியும் கையுமாக அப்பா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி எந்த ஊரு? பெரியவங்க எந்தப் பண்ணையில இருந்தாங்க?" சிலர் சிரித்துக்கொண்டே நகர்வார்கள். சிலர் முகத்தைச் சுளித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஆட்கள் ஊர் கேட்பது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியுமே. அப்பாவுக்கு மட்டும் அது உறைக்காது.

கல்யாணமாகி நான் துபாய் வந்து கராமாவில் குடியேறிய பிறகு, வெள்ளிக்கிழமைகளில் அப்பாவை அழைத்துவந்து வெளியே சாப்பிடுவோம். அங்கேயும் பரிமாற வருகிறவரிடம் அதே கேள்விதான். மேசைக்கடியில் அவர் காலை மிதிப்பேன். பக்கத்து ஃபிளாட்டில் நான் சொல்லிவைத்த ஊர் கும்பகோணம் டவுன். ஒருநாள் அப்பாவிடம் வெடித்தேவிட்டேன். "அந்தக் கதையெல்லாம் இங்க எதுக்குப்பா? மெதுவா பேசுங்க."

அப்பா சோற்றில் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எங்க ஸ்டோர் கீப்பர் இந்த ஊருக்காரரு. கடலுக்கு அந்தாண்டேருந்து அவரு பாட்டன வெலைக்கு வாங்கிட்டு வந்து முத்துக் குளிக்க உட்டாங்களாம். டீ குடிச்சிக்கிட்டே சொல்றாரு, இந்தியில, எல்லாருக்கும் கேக்குற மாதிரி. அவரு சத்தமா சொல்றாரும்மா. நீ ஏன் குசுகுசுங்குற?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் கேட்டவரிடமும் கும்பகோணம் என்றுதான் சொன்னேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. கேம்ப் வாசலில் காருக்குள் வெந்துகொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் ஆகியும் அப்பா வரவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். கடைசியில் ஓர் இளைஞனின் கையைப் பிடித்தபடி வந்தார். இருவர் கண்களும் சிவந்திருந்தன. உள்ளே நடந்ததை அப்பா சொன்னார்.

அந்த இளைஞன் செல்வம், இரண்டு வருடமாக அதே கேம்ப். அன்று காலை ஊரில் அவனுடைய அப்பாவைப் பெற்ற அப்பாயி இறந்துவிட்டார். ஊருக்குப் போக சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு "லீவு மாஃபி", கிடையாது என்றுவிட்டாராம். முகத்தைத்தான் பார்க்க முடியாது, அழுகையாவது கேட்கட்டும் என்று அங்கே யாரோ போனை ஒப்பாரிக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். இவன் ரூமில் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். அவனுக்குக் கஞ்சி எடுத்துப்போன அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

பித்தளக் கொடத்தோட
பெரியவூட்டு சீரோட
எட்டு வயசுல நீ
மாட்டுக்குப் பின்னால வந்தியே
தலைமதகு மட்டும் ஒன்
தமையன் அழுது வந்தானே

அப்பா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க அப்பாயி பேரு காத்தாயியா?" என்று கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறான்.

இரண்டு வருடம் தன் அத்தையின் பேரனுக்கு அப்பா தன் கையாலேயே சோறு போட்டிருக்கிறார். முதல் நாளே ஊர் கேட்டிருக்கிறார். அவன் மாயவரம் டவுன் என்று சொல்லியிருக்கிறான். டவுன்காரர்களிடம் அப்பா மேற்கொண்டு கேட்பதில்லை.

கார் அருகே நின்று செல்வம் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "மாமா, அன்னிக்கே உண்மைய சொல்லியிருந்தா அப்பாயி ஒங்கள பாத்துருக்குமே. வூட்டுக்கு யாரு வந்தாலும், தலைமதகுல எங்க அண்ணன் வூடு இருக்குன்னு சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. ஊரு பேரு அதுக்குத் தெரியல மாமா. நம்ம பக்கம் எத்தன தலைமதகு! எங்கன்னு போயித் தேடுறது?"

அப்பா அவன் தோளைத் தட்டினார். "நீ மட்டுமா தம்பி மறைச்ச?" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம்.

அதன்பின் அப்பா வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். அத்தை வாழ்ந்த வீட்டுக்குப் போய்ப் படத்துக்கு மாலை போட்டார். இரண்டு குடும்பங்களும் ஒரு பொங்கல் சேர்ந்து கொண்டாடின. மறு பொங்கலுக்குள் சிறுநீரகம் பழுதாகி அப்பா படுக்கையில் விழுந்தார். வலியிலும் வந்தவர்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். என் கையைப் பிடித்தபடியே அவர் மூச்சு நின்றது.

அன்று அத்தை வீட்டுப் பெண்கள் ஒரு வேனில் வந்தார்கள். வீட்டு வாசல் வரை வண்டி வரும். அவர்களோ தலைமதகிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு அங்கிருந்து நடந்தே வந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, அந்த இடத்தை வண்டியில் உட்கார்ந்து கடக்க மனம் வரவில்லை என்றார் செல்வத்தின் அம்மா.

அப்பாவைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கும், கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன தெரு இளைஞர்களுக்கும், ஷார்ஜாவிலிருந்து போன் செய்து அழுத கேம்ப் நண்பர்களுக்கும், சத்தமாகப் பேசிய அந்த ஸ்டோர் கீப்பருக்கும், எங்களோடு உட்கார்ந்து அழுத அத்தை குடும்பத்தாருக்கும் நாங்கள் என்றும் நன்றி உடையவர்கள்.

இந்த மலரின் பின்னட்டையில் எங்கள் முகவரியில் சேரித் தெரு என்றே போட்டிருக்கிறோம். கராமாவில் பக்கத்து ஃபிளாட்டுக்கும் ஒரு பிரதி கொடுப்பேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தலைமதகில் இறங்கி, பண்ணையடிமை மகன், கேம்ப்பில் சமைத்தவர் வீடு எது என்று கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். கைமாறிப் போன எங்கள் ஆட்கள் யார் காதிலாவது விழுந்து, ஓடி வரக்கூடும்.