அண்ணனின் பிடியைத் தேடி விக்கிரமசிங்கபுரத்துக்கு

என் அண்ணன் சாமுவேல் பாளையங்கோட்டையில் பேர்போன குஸ்திக்காரன். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன இடத்தில் ஒரு ஜப்பான்காரனிடம் தோற்று, அவனுக்கே சீடனாகி, லண்டன் வரை போனான். பிறகு கியூபாவிலிருந்து ஒரு கார்டு வந்தது. மூன்று வருஷமாக அதுவும் இல்லை. லண்டன் வரை கூடப் போன மொகைதீன் அண்ணாச்சி ஊர் திரும்பி, விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அண்ணன் வருவானா, மாட்டானா என்று ஒருவராவது சொல்ல வேண்டும். 1913 தை மாதத்து ஞாயிறு ஒன்றில், பாதிரியாரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

திருநெல்வேலியில் காலை ஏழு மணி ரயில். அம்பாசமுத்திரம் இருபத்திரண்டு மைல். மூன்றாம் வகுப்புக்கு நாலரை அணா. சேரன்மாதேவி தாண்டினால் பிசானப் பருவத்து நெல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. அண்ணன் இருந்தால் ஜன்னலோரத்தை எனக்கு விட்டிருக்க மாட்டான். அம்பாசமுத்திரத்திலிருந்து ஐந்து மைல் மாட்டுவண்டி. எட்டணா கேட்ட வண்டிக்காரர், "மேட்டுல நீரு இறங்கி நடந்தா ஆறணா போதும்வே" என்றார். நடந்தேன்.

மொகைதீன் அண்ணாச்சி ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் ஈரத்தோடு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்மூர்ல முதுகுல மண் பட்டா ஆட்டம் முடிஞ்சுது, இல்லியா? சிங்கப்பூர்ல உங்கண்ணன் மல்லாக்க விழுந்தான். முடிஞ்சுதுன்னு கையைத் தளர விட்டான். சப்பான்காரன் அந்தக் கையத்தான் பிடிச்சான். அவனுக்கு ஆட்டமே அங்கனதான் ஆரம்பம்."

வாள் போன போர்வீரன் வெறுங்கையோடு என்ன செய்வான் என்பதில் பிறந்த வித்தையாம் அது. பின்னால் டோக்கியோவில் ஒரு வாத்தியார் ஆபத்தான பிடிகளை ஒதுக்கி, பள்ளிக்கூடப் பாடமாக்கினாராம்.

"சப்பான்காரன் ருசியாவைச் செயிச்ச பொறவு எல்லா தேசத்துக்காரனும் அதைக் கேக்குதான். லண்டன்ல நாடகக் கொட்டகையில காட்டுனோம். வெள்ளைக்காரப் பொம்பளைங்களே படிச்சாங்க. எனக்குக் குளிர் ஒத்துக்கல, வந்துட்டேன். உங்கண்ணன் அடுத்த கப்பல் ஏறிட்டான்."

"திரும்பி வாரேன்னு சொன்னானா அண்ணாச்சி?"

துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தார். "சொல்லல."

இதைக் கேட்கவா இத்தனை தூரம் வந்தேன் என்று கோபம் வந்தது. அவன் கற்றுக்கொண்டதை எனக்குக் காட்டுங்கள் என்றேன்.

"இது அவன் எனக்குச் சொல்லித் தந்த பிடி. வலிச்சா என்னைத் தட்டும், விட்டுருவேன். அதான் அங்க வழக்கம்."

எப்படி விழுந்தேன் என்று தெரியவில்லை. முதுகில் மணல். கழுத்தைச் சுற்றி ஒரு கை, நெஞ்சின் மேல் முழு பாரம். சின்ன வயதில் இதே ஆற்றில், கீழே எங்கள் ஊர்ப்பக்கம் குறுக்குத்துறையில், அண்ணன் என்னை இப்படித்தான் அமுக்கி வைப்பான். கண்ணில் நீர் முட்டியது.

"தட்டும்வே... ஏன் தட்டாம கெடக்கீரு?"

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறன்றுதான் அண்ணாச்சிக்கு ஆலை விடுமுறை. மதியம் மூன்றரைக்குள் வண்டி பிடித்தால் சாயங்கால ரயில் கிடைக்கும். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். தட்டியவுடன் கண்டிப்பாக விட்டுவிடுவார், பயப்பட வேண்டாம். நான் ரயிலைத் தவற விட்டேன்.