நான் எழுதாமல் விட்ட பெயர்

அப்பா கால்பந்து ஆடியவர். பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ரங்கூனில் இரண்டாம் டிவிஷன் அணி ஒன்றில் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர், அவ்வளவுதான். பாதி நாள் பெஞ்சைத் தேய்த்ததை அவரே சொல்லிச் சிரிப்பார்.

அணியில் அவருக்குப் பயிற்சியாளர் வைத்த பர்மியப் பெயர். தமிழ்ப் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பர்மியப் பெயரைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். சொந்தப் பெயருக்குப் பெஞ்சில்கூட இடமில்லை என்றுதானே அர்த்தம்?

ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் எங்கள் வீடு நான்காம் மாடி. காலையில் பேப்பர்க்காரர், பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றின் கிளிப்பில் பேப்பரை மாட்டி மணியடிப்பார். அப்பா அதை மேலே இழுத்து, முதலில் மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான் விரிப்பார். பழைய ஆட்டக்காரர்களில் யார் போனாலும் மற்றவர்கள் போய்த் தோள் கொடுப்பார்கள். யாரிடமும் யாருடைய போன் நம்பரும் இல்லை. பேப்பரில் பார்த்தால்தான் உண்டு.

"என்னையத் தூக்க நீ ஆளு தேட வேணாம்மா. பேப்பர்ல போடு, போதும். எங்க டீமு வந்துரும்" என்பார்.

போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். பேப்பர் ஆபீசுக்கு அறிவிப்பு கொடுக்க நான்தான் போனேன். படம் இல்லாத சின்ன அறிவிப்பு. எழுதிக்கொண்ட பெண், "வேற பேரு இருந்தாச் சொல்லுங்கக்கா, சேத்துப் போடலாம்" என்று பர்மிய மொழியில் கேட்டாள். எல்லோரும் போடுவதுதான். எனக்கு என்ன வந்ததோ, "ஒரே பேருதான்" என்றேன். செத்த பிறகாவது மனுஷன் தன் பெயரில் இருக்கட்டும் என்ற வீம்பு. டீமுக்கு அந்தத் தமிழ்ப் பெயர் தெரியாது என்பது அந்த நேரம் உறைக்கவே இல்லை.

பத்து மணிக்கு எடுப்பதாக இருந்தது. பதினொன்றாயிற்று. டீம் வருகிறதா என்று பால்கனியில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் செய்த காரியம் புரிந்தது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் கீழ்க்கடை ஆட்களும் அந்தக் குறுகலான படியில் பெட்டியை இறக்கினார்கள். பழக்கமில்லாத கைகள். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டி சுவரில் இடித்தது.

இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். அப்பா அணியின் கோல்கீப்பர். சின்ன வயதில் மைதானத்தில் பார்த்த முகம். அந்தப் பர்மியப் பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"ஆளையே காணோமே மகளே? நான் தெனமும் பேப்பர் பாக்குறேன். அவன் பேரு வரல. நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிறேன்."

"நல்லா இருக்காங்க" என்றேன். அவர் சந்தோஷமாக என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.